விலைக்கு முன் எல்லை: தமிழ் மனைவிலை மரபும் தேவனாம்பட்டினக் கோட்டை விற்பனையும் (கி.பி. 1690)

ஆய்வுச்சுருக்கம்

விற்பனைக்குரிய வீட்டை வாங்குவோர் பார்வைக்கு ஆயத்தம் செய்தல் இன்று பெரிதும் தோற்றம் சார்ந்த செயலாகக் கருதப்படுகிறது. இடைக்காலத் தமிழ் ஆவணங்களில் அது எல்லையையும் உரிமையையும் ஊரறியக் காட்டும் செயலாக இருந்தது. செஞ்சியிலிருந்த மராத்திய அரசு 1690-இல் தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றபோது இம்மரபு தலைகீழானதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மனை, விலையாவணம், நான்கெல்லை, செஞ்சி, தேவனாம்பட்டினம், குண்டு கிராமம்.

முன்னுரை

வீட்டை விற்க முனைவோர் சுவருக்கு வெள்ளையடிப்பர். கூரை ஒழுக்கைச் சரிசெய்வர். தட்டுமுட்டுப் பொருள்களை அகற்றி முற்றத்தைத் துப்புரவாக்குவர். வாங்குவோர் கண்ணில் முதலிற்படுவது இத்தோற்றமே. ஆனால் கட்டடத்தின் தோற்றத்தைப் பற்றித் தமிழ் விலையாவணங்கள் ஏறக்குறைய எதுவும் பேசுவதில்லை. அவை பேசுவன எல்லை, அளவு, வரி, உரிமை ஆகியனவே. விற்பவர் வாங்குபவருக்கு எதைக் காட்டக் கடமைப்பட்டிருந்தார் என்னும் வினாவுக்குச் செஞ்சி வட்டாரத்தை மையமாகக் கொண்டு இங்கு விடை தேடப்படுகிறது.

1. தொண்டூர்: விலைக்கு அப்பாற்பட்ட உறையுள்

செஞ்சிக்கு அண்மையிலுள்ள தொண்டூரில் சமணத் துறவியர்க்குரிய கற்படுக்கைகளும், ஏறத்தாழ கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்-பிராமிக் கல்வெட்டும் உள்ளன. ஏவியவர், செய்தவர் ஆகியோரைச் சுட்டும் இக்கல்வெட்டில், அண்டையூரான இன்றைய அகலூரின் பழம்பெயரும் இடம்பெறுகிறது. இங்கு உறையுள் ஆயத்தம் செய்யப்பட்டது வாங்குவோர்க்காக அன்று, தங்குவோர்க்காக. எனினும் இடம் இன்னாரால் ஆனது என்பதைப் பலரறியப் பொறித்துவைக்கும் வழக்கம் அப்போதே வேரூன்றியிருந்ததை இது காட்டுகிறது.

2. நடந்து காட்டிய எல்லை

நிலம் கைமாறும்போது எல்லையை நேரில் நடந்து உறுதிசெய்யும் முறையைக் கொடைச் செப்பேடுகள் விளக்குகின்றன. பருத்திக்குன்றைச் சேர்ந்த வச்சிரநந்திக் குரவர்க்கு நிலம் வழங்கிய பல்லவச் சிம்மவர்மனின் பள்ளன்கோயில் செப்பேடு, நாட்டார் படாகை நடந்து கல்லும் கள்ளியும் நாட்டியதைக் கூறுகிறது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை அளித்ததைக் கூறும் லெய்டன் செப்பேட்டிலோ பெண் யானையை எல்லைவழியே நடத்திச் சென்ற செய்தி காணப்படுகிறது.

இவை கொடை ஆவணங்களே, விலை ஆவணங்கள் அல்ல. ஆயினும் எல்லை குறித்த கருத்து இரண்டிற்கும் பொதுவானது. யானை மெல்ல நடக்கும். உடன் செல்லும் நாட்டார் ஒவ்வொரு வரப்பையும் வாய்க்காலையும் காண்பர். மறுப்புடையோர் அங்கேயே மறுக்கலாம். எல்லை காட்டுதலே ஊரார் இசைவைப் பெறும் நிகழ்வாகவும் அமைந்தது.

3. முற்கூறலும் பிற்கூறலும்

பிற்காலச் சோழர், பாண்டியர் கால விலையாவணங்கள் சிலவற்றில் விற்பவர் முற்கூற, வாங்குபவர் இசைந்து பிற்கூறும் வாசகம் உண்டு. விற்பனை இருவரிடையே மறைவாக முடிவதன்று. அறிவித்து, எதிர்மொழி பெற்று, விலைப்பொருளைக் கைச்செலவறப் பெற்று நிறைவேறுவது என்பதை அவ்வாசகம் உணர்த்துகிறது. கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை எனப் பெருநான்கெல்லையும் வரிசையாகக் கூறப்படும். மனையோடு மனைப்படைப்பையும், மேல்நோக்கிய மரமும், கீழ்நோக்கிய கிணறும் விற்பனையில் அடங்கும். பின்னர் எவரேனும் உரிமை கோரினால் விற்றவரே தீர்த்துத் தரவேண்டும் என்னும் பொறுப்புரையும் சில ஆவணங்களில் காணப்படுகிறது.

ஆகவே, விற்பனைக்கு மனையை ஆயத்தம் செய்தல் என்பது ஐயங்களைக் களைதலாகவே இருந்தது. அண்டை நிலத்தாரின் பெயரை எல்லையாகக் கூறும்போது அவர்களும் ஒருவகையில் சான்றாகின்றனர்.

4. 1690: பீரங்கி காட்டிய எல்லை

1677-இல் சிவாஜியின் கைக்கு வந்த செஞ்சிக் கோட்டையை 1689-இன் இறுதியில் இராஜாராம் தம் தலைமையிடமாக்கினார். சுல்பிகர்கானின் தலைமையில் முகலாயப் படை 1690-இல் செஞ்சியை முற்றுகையிட வந்தது. 1698-இல்தான் கோட்டை வீழ்ந்தது. நெடும்போரை எதிர்நோக்கிய அரசுக்குப் பணம் இன்றியமையாததாக இருந்தது. கடலூருக்கு அருகிலுள்ள தேவனாம்பட்டினக் கோட்டை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்ட பின்னணி இதுவே. அப்போது சென்னையின் ஆளுநராக இருந்தவர் எலிகு யேல்.

இவ்விற்பனையில் கோட்டையுடன் சேரும் நிலம் நான்கெல்லையாகக் கூறப்படவில்லை. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவே எல்லையெனக் கொள்ளப்பட்டது. கம்பெனியார் இதற்கென நெடுந்தொலைவு எட்டும் பீரங்கியொன்றைச் சென்னையிலிருந்து அனுப்பினர். செப்டம்பர் மாதம் பல திசைகளிலும் குண்டுகள் சுடப்பட்டன. கடலூர் நகரும் சுற்றியுள்ள ஊர்களும் அவ்வட்டத்துள் அடங்கின. அவை பின்னர்க் குண்டு கிராமங்கள் என வழங்கப்பட்டன.

முந்தைய மரபோடு ஒப்பிடுகையில் மூன்று மாற்றங்கள் புலனாகின்றன. முதலாவதாக, எல்லையைக் காட்டும் பொறுப்பு விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு மாறியது. அளவுகோலையும் வாங்குபவரே தேர்ந்தெடுத்தார். இரண்டாவதாக, அளவு பீரங்கியாளின் கைத்திறனைச் சார்ந்தது. மருந்தின் அளவும் குழாயின் சாய்வும் கூடினால் நிலமும் கூடும். மூன்றாவதாக, அவ்வூர்களில் வாழ்ந்தோர் எல்லைக்குச் சான்றாகும் வாய்ப்பை இழந்தனர். யானைக்குப் பின்னே ஊர் நடந்தது. குண்டு ஊரின் தலைக்கு மேலே பறந்தது.

புனித டேவிட் கோட்டை எனப் பெயர்பெற்ற அவ்விடம், 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபின் சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமாயிற்று. குண்டின் வீச்சால் பெற்ற நிலம் ஆட்சிக்கு அடித்தளமாகிவிட்டது.

முடிவுரை

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 55, வாங்குபவர் இயல்பான கவனத்தால் அறிய இயலாத முக்கியக் குறைகளை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பிரிவு 21, சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் ஆவணத்தில் இருக்கவேண்டும் என்கிறது. நான்கெல்லையும் பொறுப்புரையும் கொண்ட பழைய விலையாவணத்தின் நோக்கம் இவற்றில் வேறு வடிவில் தொடர்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறும் வில்லங்கச் சான்றும் அத்தகையதே. வெள்ளையடித்த சுவர் காட்டாதவற்றைக் காட்டுவதே இவற்றின் பணி.

தேவனாம்பட்டின விற்பனை ஆவணத்தோடு நிகழ்ந்ததே; விலையும் கொடுக்கப்பட்டது. எனினும் விற்கப்படுவது எது என்பதை அங்கு வாழ்வோர் முன்னிலையில் காட்டும் படிநிலை அதில் இல்லை. தமிழ் மனைவிலை மரபு அப்படிநிலைக்கு ஏன் அத்துணை இடமளித்தது என்பதை இந்த இன்மையே தெளிவாக்குகிறது.