எண்ணெய் தின்னும் பாக்டீரியாவும் மாசு நீக்கமும்

மாசடைந்த மண்ணிலோ நீரிலோ, ஆய்வகத்தில் வளர்த்த நுண்ணுயிரிகளைச் சேர்த்து மாசைச் சிதைக்கச் செய்வது நுண்ணுயிரி சேர்ப்பு முறை எனப்படுகிறது. பாலுக்கு உறை ஊற்றுவது போன்றதே இது. இம்முறை பெற்ற புகழும் அடைந்த பயனும் ஒரே இடத்தில் அமையவில்லை.

புகழுக்குக் காரணமானவர் மேற்கு வங்காளத்தின் சைந்தியாவில் 1938இல் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற அவர், 1971 முதல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன ஆய்வகத்தில் பணியாற்றினார். கச்சா எண்ணெய் பல சேர்மங்களின் கலவை. ஒரு பாக்டீரியா வகை அவற்றுள் சிலவற்றை மட்டுமே செரிக்கும். பல வகைகளை ஒன்றாக விட்டால் அவை ஒன்றோடொன்று போட்டியிடும். செரிக்கும் திறனுக்கான மரபணுக்கள் சில, குரோமோசோமுக்கு வெளியே உள்ள பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் இருந்தன. ஆக்டேன், கற்பூரம், நாஃப்தலீன், சாலிசிலேட் ஆகியவற்றைச் செரிக்கும் பிளாஸ்மிட்களைச் சூடோமோனாஸ் பாக்டீரியா ஒன்றிலேயே சக்கரவர்த்தி சேர்த்தார். மரபணுவை வெட்டி ஒட்டும் நுட்பத்தால் இது செய்யப்பட்டதாகப் பலர் எழுதுவது தவறு; பாக்டீரியாக்கள் தமக்குள் பிளாஸ்மிட்டைப் பரிமாறிக்கொள்ளும் இயல்பையே அவர் பயன்படுத்தினார்.

இதற்கான காப்புரிமை 1972இல் கோரப்பட்டது. தயாரிப்பு முறைக்கும், வைக்கோல் போன்ற மிதக்கும் பொருளில் பாக்டீரியாவைக் கலந்து தூவுவதற்கும் உரிமை தர அதிகாரி இசைந்தார். பாக்டீரியாவுக்கே உரிமை தர மறுத்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மனிதன் உருவாக்கிய உயிருக்கும் காப்புரிமை உண்டு என 1980 ஜூன் 16 அன்று 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாயிற்று. உயிரித் தொழில்நுட்பத் துறை வளர இத்தீர்ப்பு வழிவகுத்தது. ஆனால் அந்தப் பாக்டீரியா எந்த எண்ணெய்க் கசிவையும் அகற்றக் கடலில் விடப்படவே இல்லை.

1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்கா கடற்பகுதியில் பாறைத்திட்டில் மோதி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கொட்டியது. எண்ணெயைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் அக்கரையில் இயற்கையாகவே இருந்தன. எண்ணெயில் கார்பன் ஏராளம். அவற்றுக்குக் குறைவாக இருந்தவை நைட்ரஜனும் பாஸ்பரசும். எனவே கரையில் உரம் இடப்பட்டது. சோதித்த கரைகள் சிலவற்றில் எண்ணெய் விரைவாகச் சிதைந்தது. மறுபுறம், விற்பனைக்கு இருந்த நுண்ணுயிரித் தயாரிப்புகளும் சோதிக்கப்பட்டன. ஆய்வகக் குடுவையில் தேறிய இரண்டு 1990இல் கரையில் இடப்பட்டபோது, குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை.

காரணம் எளியது. பாலைக் காய்ச்சி ஆற்றிய பிறகே உறை ஊற்றுகிறோம். கடலைக் காய்ச்ச இயலாது. அந்த இடத்தின் குளிருக்கும் உப்புக்கும் பழகிய நுண்ணுயிரிகளுடன் போட்டியிட்டு வெளியூர் வரவு நிலைப்பது கடினம்.

அப்படியானால், தேவையான உயிரி அவ்விடத்தில் இல்லவே இல்லையென்றால்? அத்தகைய இடம் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், டோவர் விமானப்படைத் தளத்தில் இருந்தது. உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கப் பயன்படும் ட்ரைகுளோரோஎத்திலீன் அங்கு நிலத்தடி நீரில் கலந்திருந்தது. நீருக்குள் லாக்டேட் செலுத்தி ஊட்டமளித்தும், உள்ளூர் பாக்டீரியாக்கள் ஒரு குளோரினை மட்டும் நீக்கிவிட்டு நின்றுவிட்டன. மாதங்கள் கடந்தும் மாற்றமில்லை.

இப்படி நடுவழியில் நிற்பது அபாயமானது. அடுத்த படியில் உருவாகும் வினைல் குளோரைடு புற்றுநோய் விளைவிப்பது. சிதைவு அங்கே நின்றுபோனால், சுத்தம் செய்யப் போய் நஞ்சைக் கூட்டியதாகும். கடைசிக் குளோரின் வரை நீக்கவல்ல பாக்டீரியாவைக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழிவுநீர்க் கசடிலிருந்து பிரித்தெடுத்து 1997இல் அறிவித்தனர். டீஹாலோகாக்காய்டிஸ் என்பது அதன் பேரினம்.

அதே ஆண்டில், புளோரிடாவின் பினெல்லாஸ் பகுதி மண்ணிலிருந்து வளர்த்த நுண்ணுயிரிக் கலவை டோவர் நிலத்தடி நீரில் செலுத்தப்பட்டது. ஏறத்தாழ மூன்று மாதங்கள் எதுவும் நிகழவில்லை. பிறகு வினைல் குளோரைடும், அதைத் தொடர்ந்து குளோரின் அற்ற எத்திலீனும் தோன்றின. சோதனைப் பகுதியில் மாசு முழுவதும் இறுதியில் எத்திலீனாக மாறியது. பழங்களைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான் இது. இப்போது இத்தகைய இடங்களில், டீஹாலோகாக்காய்டிஸ் ஏற்கெனவே இருக்கிறதா என்று நிலத்தடி நீரின் டி.என்.ஏ.வைச் சோதித்த பிறகே, சேர்ப்பதா வேண்டாமா என முடிவு செய்வது வழக்கம்.