வாக்கெடுப்பில் முடிவான சாட்சியம்

1868 மார்ச் 31 அன்று அமெரிக்க செனட் மண்டபத்தில் சாட்சி சொல்ல வந்து நின்றவர் வால்டர் பர்லி. டகோட்டா நிலப்பகுதியின் பிரதிநிதி. குற்றம் சாட்டிய தரப்புக்காக வாதாடிய பெஞ்சமின் பட்லர் அவரிடம் கேட்டது எளிமையான கேள்விதான்: பிப்ரவரி 21 மாலை ஜெனரல் லோரென்சோ தாமஸ் வீட்டுக்குப் போனீர்களே, அவர் உங்களிடம் என்ன சொன்னார்? பதில் வருவதற்குள் ஹென்றி ஸ்டான்பெரி எழுந்து ஆட்சேபம் தெரிவித்தார். விசாரிக்கப்படுவது அவருடைய கட்சிக்காரரான அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன். தாமஸ் தன் வீட்டுக்கு வந்தவரிடம் ஏதோ பேசினார் என்றால், அதற்கு அதிபர் எப்படிப் பொறுப்பாவார்?

ஓர் அமெரிக்க அதிபரைப் பதவியிலிருந்து நீக்க நடந்த முதல் விசாரணை அது. அதில் முதல் பெரிய சட்டச் சண்டையே செவிவழிச் சாட்சியத்தைப் பற்றியதாக அமைந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து டொனால்டு டிரம்ப் மீதான விசாரணையிலும் அதே சண்டைதான் நடந்தது. இடையில் எவ்வளவோ மாறிவிட்டது. யார் காதில் விழுந்ததை யார் வாய் வழியாகக் கேட்கலாம் என்பதைச் சட்டப் புத்தகம் தீர்மானிக்காமல், உறுப்பினர்களின் தலை எண்ணிக்கை தீர்மானிக்கிறது என்பது மட்டும் மாறவில்லை.

ஜான்சன் மீதான பகை நெடுநாள் பகை. 1865இல் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டதும் துணை அதிபராக இருந்தவர் அதிபரானார். உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்களை எப்படி நடத்துவது, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு என்ன உரிமை தருவது என்ற கேள்விகளில் அவரும் நாடாளுமன்றமும் எதிரெதிராக நின்றனர். செனட்டின் ஒப்புதல் இல்லாமல் உயர் அதிகாரிகளை நீக்கக் கூடாது என்று 1867இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 1868 பிப்ரவரி 21 அன்று ஜான்சன் போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டனை நீக்கிவிட்டு, தாமஸை இடைக்காலப் பொறுப்பில் அமர்த்தினார். ஸ்டான்டன் நாற்காலியை விட்டு அசையவில்லை. அலுவலகத்திலேயே உண்டு உறங்கிக் கதவைக் காத்தார். மூன்று நாளில், 126க்கு 47 என்ற வாக்குகளில், பிரதிநிதிகள் சபை அதிபர்மீது குற்றம் சாட்டியது.

தாமஸ் அன்று மாலை ஊரெல்லாம் வீரம் பேசினார். ஸ்டான்டன் விலகாவிட்டால் பலத்தைப் பயன்படுத்துவேன், கதவை அடைத்தால் உடைத்துக்கொண்டு போவேன் என்று பர்லியிடம் அவர் சொன்னதாகத்தான் சாட்சியம். இரவு முகமூடி நடன விருந்துக்கும் போனார். மறுநாள் காலை, சாப்பிடுவதற்கு முன்பே, ஸ்டான்டன் கொடுத்த புகாரில் கைதாகிப் பிணையில் வெளிவந்து நேரே போர்த்துறை அலுவலகத்துக்கு நடந்தார். பதவியைக் கேட்டார், மறுக்கப்பட்டது. பிறகு நடந்ததைத் தாமஸே செனட்டில் சத்தியப் பிரமாணத்தின்மேல் சொன்னார். இன்னொரு முறை கைது செய்வதென்றால் சாப்பிட்ட பிறகு செய்யுங்கள் என்று அவர் சொல்ல, ஸ்டான்டன் அவர் கழுத்தில் கைபோட்டு, தலைமுடியைக் கோதி, ஒரு விஸ்கி பாட்டிலை வரவழைத்தார். இருவரும் பகிர்ந்து குடித்தார்கள்.

பர்லி பொய் சொல்லவில்லை. தாமஸ் அப்படிப் பேசியதும் உண்மைதான். ஆனால் கதவை உடைக்கிறேன் என்றது திட்டமா, வாய்ச்சவடாலா? அதிபர் சொல்லிவிட்டதைச் சொன்னாரா, தானாகச் சொன்னாரா? இவற்றுக்குப் பர்லியிடம் பதில் கிடையாது. பேசியவரையே நிறுத்திக் கேட்டால்தான் விஸ்கி பாட்டில் வெளியே வரும். செவிவழிச் சாட்சியத்தின்மேல் நீதிமன்றங்களுக்கு இருக்கும் பழைய ஐயத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

அந்த ஐயத்துக்கு ஒரு மனிதரின் தலை விலையாகப் போயிருக்கிறது. 1603 நவம்பரில் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் சர் வால்டர் ராலே தேசத்துரோக வழக்கில் நின்றார். முக்கிய ஆதாரம் காபம் பிரபு என்பவரின் வாக்குமூலம். அவர் உயிரோடு காவலில்தான் இருந்தார். அவரை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று ராலே மன்றாடினார், கொண்டுவரவில்லை. அதற்குப் பதிலாக டயர் என்ற கப்பலோட்டி வந்தார். லிஸ்பனில் பெயர் தெரியாத போர்த்துகீசியர் ஒருவர், ராலேயும் காபமும் மன்னரின் கழுத்தை அறுத்துவிடுவார்கள் என்று சொன்னதைக் கேட்டதாக அவர் சொன்னார். ராலேக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, 1618இல் நிறைவேறியது. குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கெதிரான சாட்சிகளை நேருக்கு நேர் சந்திக்கலாம் என்று 1791இல் அமெரிக்க அரசமைப்பின் ஆறாவது திருத்தம் உறுதி செய்ததைப் பற்றிப் பேசும் வழக்கறிஞர்கள் இன்றும் ராலேயிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்த உரிமை குற்றவியல் வழக்குகளுக்கானது. பதவிநீக்க விசாரணை அந்த வகையைச் சேர்ந்ததா? தோற்றால் பதவி போகும், சிறை கிடையாது. இந்த விசாரணை முறையே அமெரிக்கர்கள் உருவாக்கியது அல்ல, பிரிட்டனிலிருந்து வந்தது. 1787 செப்டம்பர் 8 அன்று பிலடெல்பியாவில் நடந்த அரசமைப்பு மாநாட்டில் பதவிநீக்கத்துக்கான காரணங்களை விரிவாக்க வேண்டும் என்று ஜார்ஜ் மேசன் வாதாடியபோது அவர் சுட்டிய பெயர் வாரன் ஹேஸ்டிங்ஸ். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆலோசனைக் குழுவில் சில ஆண்டுகள் இருந்து, பிறகு வங்காளத்தின் ஆளுநராகப் போன அதே ஹேஸ்டிங்ஸ்தான். அவர்மீதான விசாரணை லண்டனில் 1788இல் தொடங்கி 1795இல் விடுதலையில் முடிந்தது.

அங்கே செவிவழிச் சாட்சியச் சிக்கல் ஒரு பிணத்தின் வடிவில் வந்தது. ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கினார் என்று 1775 மார்ச்சில் கல்கத்தா ஆலோசனைக் குழுவின் முன் குற்றம் சாட்டியவர் மகாராஜா நந்தகுமார். ஹேஸ்டிங்ஸ் அவரை எதிர்கொள்ள மறுத்துக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு எழுந்து போனார். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று பத்திரமோசடி வழக்கில் நந்தகுமார் தூக்கிலிடப்பட்டார். பதினான்கு ஆண்டு கழித்து ஹேஸ்டிங்ஸுக்கு எதிராக வாதாடிய எட்மண்ட் பர்க்கும் தோழர்களும் நந்தகுமாரின் வாக்குமூலத்தை ஆதாரமாக வைக்க முயன்றபோது, நீதிபதிகளின் கருத்தைக் கேட்டுப் பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. குறுக்கு விசாரணைக்கு வர முடியாதவரின் சொல் செல்லாது. சட்டப்படி சரியான முடிவுதான். ஆனால் அந்த மனிதர் ஏன் வர முடியாமல் போனார் என்ற கேள்வியை அந்த விதியால் கேட்கவே முடியவில்லை. செவிவழிச் சாட்சிய விதி குற்றமற்றவரைக் காக்கும். நேரடிச் சாட்சி இல்லாமல் போவதால் ஆதாயம் அடைகிறவரையும் அது அதே அளவு காக்கும். பதவிநீக்க விசாரணைகளின் வரலாறு முழுக்க இந்த முடிச்சு அவிழவே இல்லை.

வாஷிங்டனில் ஜான்சன் மீதான விசாரணைக்குத் தலைமை நீதிபதி சாமன் சேஸ் தலைமை வகித்தார். பர்லியின் பதிலை ஏற்கலாம் என்பது அவர் முடிவு. உடனே வேறொரு பூசல் கிளம்பியது: சாட்சியம்பற்றித் தீர்ப்புச் சொல்ல இவர் யார்? தனியே கூடி ஆலோசிக்கலாமா என்ற வாக்கெடுப்பு 25க்கு 25 என்று சமநிலையில் நிற்க, சேஸ் தன் வாக்கைப் போட்டு அதை முடித்தார். கடைசியில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. தலைமை வகிப்பவர் முடிவு சொல்லலாம். ஏதாவது ஓர் உறுப்பினர் கேட்டால், செனட் வாக்களித்து அதை மாற்றலாம். அந்த விதி இன்றும் அடிப்படையில் அப்படியே இருக்கிறது. பர்லியின் சாட்சியம் 39க்கு 11 என்ற வாக்குகளில் உள்ளே வந்தது.

பிறகு நடந்ததைப் படிக்கும்போது மனம் கசக்கிறது. ஜான்சனின் ஆட்சியை நியாயப்படுத்த எதுவும் இல்லை. கறுப்பின மக்களுக்கு அவர் இழைத்தது பெரும் அநீதி. ஆனாலும் ஒரு விசாரணை இப்படி நடந்திருக்கக் கூடாது. அதிபர் தரப்பு ஜெனரல் வில்லியம் ஷெர்மனை அழைத்தது. ஸ்டான்டனின் பதவியை ஏற்கும்படி ஜனவரியில் ஜான்சன் ஷெர்மனைக் கேட்டிருந்தார். ஏன் கேட்டார், அப்போது என்ன சொன்னார் என்பதே வழக்கின் உயிர்நிலை. பட்லர் எதிர்த்தார்: குற்றம் சாட்டப்பட்டவர் தனக்குச் சாதகமாக முன்பு பேசிவைத்ததை ஆதாரமாக ஏற்க முடியாது. இதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதிபரின் நோக்கம்தான் குற்றச்சாட்டே என்னும்போது, அந்த நோக்கத்தைக் காட்டும் பேச்சை எப்படி ஒதுக்குவது? ஏற்கலாம் என்பதே சேஸின் எண்ணம். செனட் 28க்கு 23 என்று கதவை மூடியது. அமைச்சரவை அதிபருக்கு என்ன ஆலோசனை சொன்னது என்று கடற்படைச் செயலர் கிடியன் வெல்ஸ் சொல்ல வந்தபோதும் அதேதான் நடந்தது.

ஆக, தாமஸ் மூன்றாம் மனிதரிடம் அடித்த வாய்வீச்சு அதிபருக்கு எதிராக ஏறியது. அதிபர் தன் வாயால் ஷெர்மனிடம் சொன்னது ஏறவில்லை. பிறகு ரெவர்டி ஜான்சன் என்ற உறுப்பினர் கேள்வியை மாற்றி, செனட்டர் என்ற முறையில் தானே கேட்டபோதுதான் ஷெர்மனால் கொஞ்சம் பேச முடிந்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அந்த 1867ஆம் ஆண்டுச் சட்டம் அரை மணி நேரம்கூட நிற்காது என்று அதிபர் நம்பியதாக அவர் சொன்னார்.

மே 16 அன்று 35 பேர் குற்றவாளி என்றனர், 19 பேர் இல்லை என்றனர். மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்கு குறைந்தது. அந்தச் சட்டம் 1887இல் நீக்கப்பட்டது. அப்படியொரு சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1926இல் சொன்னது.

அடுத்த நூற்றாண்டில் அதிபர் நிக்சன் விவகாரம் வேறு திசையில் போனது. 1973 ஜூனில் வெள்ளை மாளிகை வழக்கறிஞராக இருந்த ஜான் டீன் 245 பக்க அறிக்கையைச் செனட் குழுமுன் வாசித்தார். அவர் நேரடிச் சாட்சி, ஆனால் தனியொருவர். அதிபரின் சொல்லுக்கு எதிராக அவர் சொல் மட்டுமே நின்றது. ஜூலை 16 அன்று வெள்ளை மாளிகை உதவியாளராக இருந்த அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டு அதிபரின் அறையில் பேச்செல்லாம் ஒலிநாடாவில் பதிவாகிறது என்று வெளிப்படுத்தியதும் கணக்கே மாறியது. 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் நாடாக்களைக் கொடுக்கச் சொன்னது. ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார். பிற்பாடு உளவியலாளர் உல்ரிக் நைசர், டீனின் சாட்சியத்தை நாடாவோடு ஒப்பிட்டு 1981இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். யார் எந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்பதில் டீன் நிறையத் தவறியிருந்தார். அந்த அறையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதில் தவறவில்லை. நேரில் கேட்டவரின் நினைவுக்கே இந்த நிலை என்றால், அவரிடம் கேட்டவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அதிபர் கிளிண்டன் மீதான விசாரணையில் 1998 நவம்பரில் நாடாளுமன்றக் குழுமுன் முதன்மைச் சாட்சியாக உட்கார்ந்தவர் வழக்கைத் துருவிய கென்னத் ஸ்டார். எதையும் நேரில் பார்த்தவர் அல்ல. செனட்டில் மூன்று பேரின் வாக்குமூலங்கள் காணொளியாகப் பதிவாயின. அவர்களில் ஒருவரான மோனிகா லெவின்ஸ்கியை நேரில் அழைக்க வேண்டாம் என்று 70க்கு 30 என முடிவானது.

2019இல் எல்லாமே காதுவழியாகத் தொடங்கியது. ஜூலை 25 அன்று டிரம்ப் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியோடு தொலைபேசியில் பேசினார். ஆகஸ்ட் 12 தேதியிட்ட ரகசியப் புகாரை எழுதிய அதிகாரி, பெரும்பாலான சம்பவங்களுக்குத் தான் நேரடிச் சாட்சி அல்ல என்று அதிலேயே ஒப்புக்கொண்டிருந்தார். நவம்பர் 13 அன்று பொது விசாரணையின் முதல் நாளில், உக்ரைனில் தூதரகப் பொறுப்பில் இருந்த வில்லியம் டெய்லர் சாட்சி சொன்னார். குடியரசுக் கட்சியின் ஜிம் ஜோர்டன் ஓர் ஆவணத்தை எடுத்து வாசித்தார்: நான் அவரிடம் சொன்னதை அவர் இவரிடம் சொன்னதாக இவர் நினைவுகூர்கிறார் என்று நீளும் சங்கிலி. சங்கிலியின் நீளம் உண்மையிலேயே ஒரு குறைதான். செவிவழிச் சாட்சியம் சில சமயம் நேரடிச் சாட்சியத்தைவிட மேலானது என்று ஜனநாயகக் கட்சியின் மைக் குவிக்லி சொன்ன பதில் அந்தக் குறையை மறைக்கவில்லை. சட்டம் பல விதிவிலக்குகளை அனுமதிப்பது உண்மை. குற்றச்சாட்டு பதிவு செய்யும் கட்டத்தில் கிராண்ட் ஜூரி செவிவழிச் சாட்சியத்தையே நம்பலாம் என்று 1956இல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் இருக்கிறது.

சங்கிலியின் மறுமுனையில் இருந்தவர்கள் மெல்ல வந்தார்கள். தொலைபேசி உரையாடலை அலுவல்முறையில் கேட்டிருந்த அலெக்சாண்டர் விண்ட்மன் வந்தார். கீவ் நகர உணவகத்தில் தூதர் கோர்டன் சாண்ட்லண்டின் கைபேசியில் டிரம்பின் உரத்த குரலைப் பக்கத்திலிருந்து கேட்ட டேவிட் ஹோம்ஸ் வந்தார். சாண்ட்லண்டும் வந்தார். வெள்ளை மாளிகைச் சந்திப்புக்கு ஈடாக, டிரம்ப் விரும்பிய விசாரணைகளை உக்ரைன் அறிவிக்க வேண்டும் என்று கேட்கப்பட்டது என்று உறுதியாகச் சொன்ன அவர், ராணுவ உதவி நிறுத்தப்பட்டதும் அதனால்தான் என்பது தன் ஊகம் என்றார். அதிபர் நேரடியாக அப்படிச் சொல்லவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். டிரம்பின் தரப்பு பற்றிக்கொண்டது இந்த இடத்தைத்தான். பற்றிக்கொள்ளத் தகுந்த இடமும்கூட.

ஆனால் அந்த ஊகத்தை உறுதிப்படுத்தவோ உடைக்கவோ கூடியவர்கள் இருந்தார்கள். விசாரணைக்கு ஒத்துழைக்க மாட்டோம் என்று அக்டோபர் 8 அன்றே வெள்ளை மாளிகை எழுதிவிட்டது. அலுவலகத் தலைவர் மிக் முல்வேனி வரவில்லை. தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த ஜான் போல்டன் பிரதிநிதிகள் சபைக்கு வரவில்லை. அவரைக் கட்டாயப்படுத்த நீதிமன்றம் போய்க் காத்திருக்கச் சபையும் பொறுமை காட்டவில்லை. சாட்சியைத் தடுத்துவிட்டுச் சாட்சி இல்லையே என்று கேட்பது நேர்மையான வாதம் ஆகாது. அவசரப்பட்டு அந்தச் சாட்சியைத் தேடாமல் விட்டதும் பொறுப்பான செயல் அல்ல. அழைப்பாணை வந்தால் செனட்டில் பேசத் தயார் என்று 2020 ஜனவரியில் போல்டன் அறிவித்தார். அவர் எழுதிய நூலின் கைப்பிரதியில் என்ன இருக்கிறது என்று மாதக் கடைசியில் பத்திரிகைச் செய்தியும் வந்துவிட்டது.

ஜனவரி 31 அன்று செனட் வாக்களித்தது. சாட்சிகள் வேண்டும் என்றவர்கள் 49 பேர், வேண்டாம் என்றவர்கள் 51 பேர். பிப்ரவரி 5 அன்று டிரம்ப் விடுவிக்கப்பட்டார். ஜூன் மாதம் போல்டனின் நூல் கடைகளுக்கு வந்தது. தான் கேட்டவை கிடைக்கும்வரை உக்ரைனுக்கு உதவியை அனுப்ப விருப்பமில்லை என்று ஆகஸ்டில் டிரம்ப் தன்னிடமே சொன்னதாக அதில் எழுதியிருந்தார். டிரம்ப் மறுத்தார். சத்தியப் பிரமாணம் எடுக்காமல், ஒரு குறுக்குக் கேள்வியைக்கூடச் சந்திக்காமல் அந்தச் சாட்சியம் புத்தகமாக விற்பனையானது.