சுவரில்லா அரங்கில் மொழி: பெங்களூர்க் கூடாரக் கொட்டகையும் ஊர்தி அரங்கும்

ஆங்கிலப் புதினங்களை மொழிபெயர்ப்போர் ஒரு சொல்லிடத்து இடர்ப்படுவதுண்டு. காரில் அமர்ந்தவாறே படம் பார்க்கும் 'டிரைவ்-இன்' அரங்கே அச்சொல். பெரும்பாலோர் அதனைத் 'திறந்தவெளித் திரையரங்கு' என்று எழுதி அமைதியடைகின்றனர். அவ்வாறெழுதும்போது கோயில் திருவிழாவில் வெண்துணி கட்டிக் காட்டும் படமும், முந்நூறு கார்கள் வரிசையாக நின்று காணும் படமும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டிற்கும் கூரை வானமே என்பது உண்மை. ஆயின் படத்தின் பேச்சு யார் காதில், எவ்வாறு விழுகிறது என்று நோக்கினால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்பவை. சுவரை நீக்கியவுடன் காட்சி எல்லோர்க்கும் பொதுவாகிறது; ஒலி யாருக்கு உரியது என்னும் வினா எழுகிறது. பல மொழியினர் நெருங்கி வாழும் பெங்களூர் போன்ற நகரில் அது மொழி வினாவே. அவ்வினாவின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர்தி அரங்கின் தோற்றம் அமெரிக்காவைச் சார்ந்தது. நியூ ஜெர்சி மாநிலத்து ரிச்சர்டு ஹாலிங்ஸ்ஹெட் என்பார் தம் வீட்டு முற்றத்து மரங்களுக்கிடையே திரை கட்டி, காரின் முன்மூடிமேல் படக்கருவியை வைத்து, திரைக்குப் பின்னே வானொலிப் பெட்டியை ஒலிக்கவிட்டுச் சோதித்தார். மழை பெய்தால் என்னாகும் என்றறியப் புல்லுக்கு நீர் தெளிக்கும் கருவியைக் காரின்மேல் திருப்பிவிட்டதாகவும் கூறுவர். 1933 மே மாதம் காப்புரிமை பெற்று, சூன் 6 அன்று கேம்டன் நகருக்கருகே அரங்கைத் திறந்தார். முன்னிற்கும் கார் பின்னிருப்போரை மறைக்காதவாறு ஒவ்வொரு வரிசையையும் மேடாக்கிக் காரின் முகத்தை நிமிர்த்தி நிறுத்தியதே அவர்தம் கண்டுபிடிப்பின் உயிர்நாடி. காட்சிக்கான தடையை மண்ணால் நீக்கிய அவரால் ஒலிக்கான தடையை நீக்க இயலவில்லை.

தொடக்கத்தில் ஒலிபெருக்கிகள் திரையருகிலேயே இருந்தன. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். திரையிலிருந்து நூறு மீட்டர் தொலைவில் நிற்கும் காருக்குப் பேச்சு வந்து சேர ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு ஆகும். ஒருவர் இயல்பாகப் பேசுகையில் நொடிக்கு ஐந்தாறு அசைகள் ஒலிக்கின்றன எனக் கொண்டால், உதட்டசைவுக்கும் ஒலிக்கும் இடையே ஒன்றரை அசை பிந்துகிறது. ஒலி எட்டில் ஒரு நொடிக்குமேல் பிந்தினாலே காண்போர் அதனை உணர்வர் என்பர். பின்வரிசையில் இருந்தவர்க்குத் தம் தாய்மொழிப் படமே பிறமொழியிலிருந்து குரல் மாற்றப்பட்ட படம்போல் தோன்றியிருக்கும். குரல்மாற்றத்திற்கு உரையாடல் எழுதுவோர் இதழொலிகளாகிய பகர மகரங்களை உதடு மூடும் இடத்தில் வைக்கப் படும்பாட்டை அறிந்தவர்க்கு இதன் விந்தை புலப்படும். குரல் மாற்றப்படாத மூலப்படத்திற்கே தொலைவு அக்குறையைத் தந்துவிட்டது!

அரங்கின் ஒலி சுற்றுப்புற வீடுகளின் உறக்கத்தையும் கெடுத்தது. 1941இல் ஒவ்வொரு காருக்கும் தனித்தனி ஒலிபெருக்கி வந்தபின் இடர் தீர்ந்தது. கம்பத்திலிருந்து எடுத்துச் சன்னலில் மாட்டிக்கொள்ளும் சிறு பெட்டி அது. படம் முடிந்ததும் அதனைக் கழற்ற மறந்து, கம்பியோடு பிய்த்துக்கொண்டு வீடு சென்றவர் பலர். 1948இல் அதே மாநிலத்தில் கார்களோடு சிறு விமானங்களும் வந்திறங்கிப் படம் பார்க்கும் அரங்கொன்றும் தோன்றியது. இத்தகைய வேடிக்கைகளை அமெரிக்க நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. மொழி நோக்கில் முதன்மையானது ஒன்றே: ஊர்தி அரங்கு படத்தை வெளியே விட்டுப் பேச்சைக் காருக்குள் அடைத்தது.

இந்தியாவில் அகமதாபாத்தில் 1973இல் ஊர்தி அரங்கு எழுந்தது. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'பிரார்த்தனா' பல்லாண்டுகள் இயங்கியது. எனினும் சென்னைத் தமிழில் 'டிரைவ்-இன்' என்னும் சொல் அதற்கும் முன்னரே வேறொரு பொருளில் வேரூன்றிவிட்டது. உடுப்பிப் பகுதியினரான கிருஷ்ணராவ் கதீட்ரல் சாலையில் 1962இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகமே அதன் காரணம். அங்கே காருக்கே சிற்றுண்டி வந்தது. ஆங்கிலத்தில் அடைச்சொல்லாக நிற்பது தமிழில் தனிப்பெயராகி, 'டிரைவ்-இன்னுக்குப் போகலாம்' என்றால் தோசை உண்ணப் போவதையே குறித்தது. அவ்வுணவகம் 2008இல் மூடப்பட்டு, அவ்விடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. கருநாடகத்தவர் நடத்திய ஆங்கிலப் பெயருள்ள உணவகத்தின் நிலத்தில் தமிழின் செம்மொழித் தகுதியைக் கொண்டாடும் பூங்கா அமைந்ததைச் சொல்வரலாறு ஆய்வோர் ஒரு புன்முறுவலோடு குறித்துக்கொள்ளலாம்.

இனிக் கொட்டகைக்கு வருவோம். தென்னாட்டு மக்களில் பெரும்பாலோர் காரில் அமர்ந்து படம் பார்த்தவர் அல்லர். மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து பார்த்தவர்கள். இரயில்வேயில் வரைபடப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டியதே இம்மரபின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பேசாப்படக் காலத்தில் எழுத்தட்டைகளை உரக்கப் படித்துக் கதை சொல்வதற்கென்றே ஆள் நின்றதுண்டு. ஆகவே திரைப்பட மொழிபெயர்ப்பு இந்நாட்டில் உயிருள்ள ஒரு மனிதக் குரலாகவே பிறந்தது. 1931 அக்டோபர் 31இல் சென்னையில் வெளியான 'காளிதாஸ்' முதல் தமிழ்ப் பேசும்படம் எனப்படினும், அதில் நாயகி தமிழிலும் நாயகன் தெலுங்கிலும் பேசினர். அதனை ஒரு குறையாக எழுதுவதே வழக்கம். அன்றைய அவையினர்க்கு அது குறையாகத் தோன்றியிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. இருமொழிச் செவி அவர்களுக்கு இயல்பானது.

'கொட்டகை' என்னும் சொல்லும் சற்று நின்று நோக்கற்குரியது. கன்னடத்தில் இதற்கு இனமான 'கொட்டிகெ' இன்றும் மாட்டுத் தொழுவத்தையே குறிக்கிறது. தமிழில் அது நாடகக் கொட்டகையாகவும் சினிமாக் கொட்டகையாகவும் பொருள் விரிந்தது. பேச்சு வழக்கில் இடைநின்ற ககரம் கெட்டு உயிர்கள் இணைந்து 'கொட்டாய்' ஆயிற்று. அகப்பை 'ஆப்பை' ஆனதையும் பகுதி 'பாதி' ஆனதையும் ஒப்பிடுக. பெங்களூரை அடுத்த கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இக்'கொட்டாய்' சிற்றூர்ப் பெயர்களின் ஈறாகவும் வழங்குகிறது. கன்னடர் 'டெண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டனர். வட தமிழ்நாட்டாரோ இரண்டையும் சேர்த்து 'டெண்டுக்கொட்டாய்' என்றனர். 'நடுசென்டர்', 'கேட்டுவாசல்' போலத் தெரியாச் சொல்லுக்குத் தெரிந்த சொல்லையே உரையாக ஒட்டிய தொகை இது. அடைப்புக்குறிக்குள் விளக்கம் தரும் மொழிபெயர்ப்பாளர் செய்வதை மக்கள் ஒரே சொல்லில் செய்து முடித்தனர்.

கொட்டகையின் ஒலி வேலியறியாதது. காட்சி தொடங்குமுன் உச்சியிற் கட்டிய ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் எழும். கன்னட நாட்டுக் கூடாரங்கள் பலவற்றில் கண்டசாலாவின் குரலில் வேங்கடேசனைப் போற்றும் தெலுங்குப் பாடலே படம் தொடங்கப்போவதன் அறிவிப்பாக இருந்தது. கன்னட உழவர், தெலுங்குப் பாட்டின் ஓசையைக் கேட்டுத் தமிழ்ப் படத்திற்கு விரைவதும் நடக்கக்கூடிய செய்தியே. நுழைவுச்சீட்டு வாங்காதவரும் வீட்டுத் திண்ணையில் படுத்தவாறு முழு உரையாடலையும் கேட்பர். திருவிழாத் திரையில் இடமின்றிப் பின்புறம் அமர்ந்தவர்க்கு எழுத்துகள் வலமிடமாக மாறித் தெரியும். பேச்சு மட்டும் நேராகவே கேட்கும். எழுத்துக்கு முன்புறம் பின்புறம் உண்டு, பேச்சுக்கு இல்லை என்பதனை இதைவிட எளிதாகக் காட்டும் சான்று வகுப்பறையில் கிடைப்பதரிது.

பெங்களூரின் மொழிச் சூழல் இங்கே இன்றியமையாதது. 1809இல் அமைந்த படைநகரோடு சென்னைப் படையைச் சார்ந்த தமிழரும் வந்து குடியேறினர். பழைய பேட்டைப் பகுதியும் படைநகரும் தனித்தனி ஆட்சியின் கீழ் இருந்து 1949இல்தான் ஒரே மாநகராட்சியாயின. முதல் கன்னடப் பேசும்படமான 'சதி சுலோசனா' 1934இல் இந்நகரில் வெளியானது. கன்னடப் படங்கள் எண்ணிக்கையிற் குறைந்திருந்த காலத்தே தமிழ், தெலுங்கு, இந்திப் படங்கள் அரங்குகளை நிறைத்தன. பிறமொழிப் படங்களைக் கன்னடக் குரலில் மாற்றி வெளியிடுவதை எதிர்த்து அ. ந. கிருஷ்ணராவ் முதலியோர் 1960களில் இயக்கம் நடத்தினர். சட்டமெதுவும் இயற்றப்படாமலே, திரைத்துறையினரின் கட்டுப்பாட்டாலேயே குரல்மாற்றப் படங்கள் நின்றுபோயின.

அவ்வியக்கத்தின் நோக்கம் கன்னடத்தைக் காப்பது. எதிர்பாரா விளைவு வேறு. குரல்மாற்றம் இல்லாமையால் கன்னடர் தமிழ்ப் படத்தைத் தமிழிலும் தெலுங்குப் படத்தைத் தெலுங்கிலுமே கேட்டனர். மொழிபெயர்ப்பைத் தடுத்த நகரம் பன்மொழிச் செவியை வளர்த்தது. செவி போதாதவிடத்துப் பக்கத்திலிருப்பவர் உதவினார். நகரின் கிழக்குப் புறத்துக் கூடாரமொன்றில் சிறுவயதில் தெலுங்குப் படம் பார்த்தபோது, அண்டை வீட்டுப் பெரியம்மா எங்களுக்கெல்லாம் தமிழில் சொல்லிவந்தார். "அழுவுறா பாரு கண்ணு... அவன் ஊருக்கு வரமாட்டானாம்... நகையெல்லாம் வித்துட்டானாம்" என்பது அவர் பாணி. கண்ணால் காண்பதற்கு 'ஆம்' இல்லை. காதால் கேட்டு மொழிபெயர்ப்பதற்கு மட்டும் 'ஆம்' வருகிறது. பிறர் கூற்றென உணர்த்தும் இவ்விடைச்சொல்லுக்கு நிகராகக் கன்னடத்தில் 'அந்தெ', தெலுங்கில் 'அட' உள்ளன. ஆகவே கூடாரத்தின் எந்தப் பக்கத்தில் எந்த மொழியினர் அமர்ந்திருப்பினும் அருகிருந்து மொழிபெயர்ப்பவர்க்கு இலக்கணம் ஒன்றே. இன்றைய திரையடி எழுத்துகள் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. அவை பாத்திரமே நம் மொழியிற் பேசுவதாகப் பாவிக்கின்றன. பெரியம்மா அவ்வாறு பாவிக்கவில்லை. இடையில் தாம் இருப்பதை ஒவ்வொரு வினைமுற்றிலும் ஒப்புக்கொண்டார்.

தெருவில் கேட்கும் மொழி அத்தெருவின்மேல் கொண்டாடும் உரிமையாகவும் கருதப்படுவதுண்டு. 1991 டிசம்பர்க் காவிரிக் கலவரத்தின்போதும், நடிகர் இராஜ்குமார் கடத்தப்பட்டிருந்த 2000ஆம் ஆண்டின் 108 நாள்களிலும் பெங்களூரில் தமிழ்ப் படக் காட்சிகள் நின்றன. கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று நடிகர் கமல்ஹாசன் கூறியதை ஒட்டி 2025இல் 'தக் லைஃப்' கருநாடகத்தில் வெளியாகவில்லை. இரு மொழிகளும் ஒரு தாய் வயிற்று உடன்பிறப்புகள் என்பது ஒப்பிலக்கணம் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம். அதனைப் பொதுமக்களுக்கு எளிய நடையில் எழுதிவைக்காத பொறுப்பில் நம் துறைக்கும் பங்குண்டு. குரல்மாற்றக் கட்டுப்பாடு 2015இல் இந்தியப் போட்டி ஆணையத்தின் தீர்ப்பால் தளர்ந்தது. 2017இல் 'என்னை அறிந்தால்' என்னும் தமிழ்ப் படம் 'சத்யதேவ் ஐ.பி.எஸ்.' என்னும் பெயரில் எதிர்ப்புகளுக்கிடையே கன்னடத்தில் வெளியாயிற்று.

கூடாரங்கள் மறைந்த நகரில் 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது, காரில் அமர்ந்து காணும் காட்சிகள் தற்காலிகமாக நடந்தன. இப்போது சன்னலில் மாட்டும் பெட்டி தேவையில்லை. காரின் வானொலியைக் குறித்த பண்பலை எண்ணில் வைத்தால் படத்தின் ஒலி வரும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் பக்கத்துக் கார் ஊமை. இம்முறையில் ஒரு படத்திற்கு ஒரே ஒலிதான் வேண்டுமென்பதில்லை. வெவ்வேறு எண்களில் கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகிய மூன்றையும் ஒரே வேளையில் ஒலிபரப்ப இயலும். மூன்று குடும்பங்கள் ஒரே திரைமுன் மூன்று மொழிகளில் படம் பார்க்கலாம். தொழில்நுட்பத்திற்கு இது அரிதன்று. மொழிபெயர்ப்பாளர்க்கே புதிய இடர் எழும். நகைச்சுவையின் சிரிப்புச் சொல் தமிழில் தொடரின் ஈற்றில் வருமாயின், கன்னட உரையாசிரியரும் தெலுங்கு உரையாசிரியரும் அதே கணத்தில் அதனை வைத்தாக வேண்டும். இல்லையேல் ஒரு காரில் சிரிப்பு எழுந்து அடங்கியபின் அடுத்த காரில் சிரிப்பெழும். இதழசைவைப் பொருத்துவதோடு பக்கத்துக் காரின் சிரிப்பையும் பொருத்தவேண்டிய குரல்மாற்ற உரையை இதுவரை யாரும் எழுதிப் பார்த்ததாகத் தெரியவில்லை.