வேலைக்காரி முட்டி

எங்கள் வீட்டில் தரை துடைக்கும் அக்காவுக்கு வலது முட்டியின் மேல் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். "வாத நீர் சார், எண்ணெய் தேய்ச்சா வடிஞ்சிடும்" என்று ஒரு மாதம் ஓட்டிவிட்டார். போன வாரம் என் மனைவி விடாப்பிடியாக டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை செய்றீங்கம்மா?"

இந்தக் கேள்விக்கு 300 வருடத்துக்கு மேல் வயது. இத்தாலியில் மோதெனா நகரத்து மருத்துவர் ரமாஸினி, 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் என்ன தொழில் என்றும் கேளுங்கள் என்று மற்ற மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர்.

அக்காவுக்கு வந்தது பர்ஸைட்டிஸ். எலும்பும் தசையும் தோலும் உராயாமலிருக்க, உடம்பில் சுமார் 150 சின்னப் பைகள் உண்டு. அவற்றுக்கு பர்ஸா என்று பெயர். லத்தீனில் பணப்பை! பங்குச் சந்தையைக் குறிக்கும் 'போர்ஸ்' என்ற சொல்லும் இதே வேர்தான். (காமர்ஸ் படித்தவனுக்கு இதெல்லாம்தான் முதலில் கண்ணில் படும்.) ஒரே இடத்தில் ஓயாமல் அழுத்தம் விழுந்தால் அந்தப் பை அழன்று நீர் கோத்துக்கொள்ளும்.

ஆங்கிலேயர்கள் இதற்குத் தொழிலின் பெயரையே வைத்தார்கள். மண்டியிட்டுத் துடைப்பவளுக்கு 'வேலைக்காரி முட்டி'. சுரங்கத்தில் தவழ்பவனுக்கு 'சுரங்கக்காரன் முழங்கை'. பலகையில் உட்கார்ந்தே தறி ஓட்டுபவனுக்கு 'நெசவாளி பிட்டம்'. ஜெரோம் கே. ஜெரோமின் 1889 நாவலில், மருத்துவப் புத்தகம் படிக்கும் கதாநாயகன் தனக்கு எல்லா வியாதியும் இருப்பதாக நினைப்பான். இல்லாதது வேலைக்காரி முட்டி ஒன்றுதான். அந்த வேலையை அவன் செய்ததில்லையே!

அக்காவின் மாமனார் மினர்வா மில் தொழிலாளி. 1980 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பெயர் பெற்ற அதே மில். மில் போனது. மருமகள் ஐந்து வீடுகளில் மண்டியிடுகிறார்.

டாக்டர் சொன்ன வைத்தியம் எளிது: மண்டியிடக் கூடாது, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், சில நாள் மாத்திரை. சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் சீழ் பிடித்திருக்கலாம், உடனே வர வேண்டும்.

நீளக் குச்சி வைத்த மாப் வாங்கினோம். "உங்க வீட்ல சரி சார். மத்த நாலு வீட்ல கையாலதான் துடைக்கணும்னு சொல்றாங்களே" என்றார்.

மாத்திரைச் சீட்டில் எழுத முடியாத மருந்து அது. உங்கள் வீட்டில் எப்படி?