வீட்டை யாருக்குக் காட்டுவது?

யாழ்ப்பாணத்து வீடு விற்பனை விளம்பரங்களைக் கொஞ்ச நாள் தொடர்ந்து வாசித்தால் ஒரு விசயம் பிடிபடும். அதில் வீட்டைப் பற்றிப் பெரிதாக ஒண்டும் இராது. "4 பரப்பு, நல்ல தண்ணி, ரோட்டுக்கரை, உறுதிக் காணி." அவ்வளவுதான். அறை எத்தனை, குசினி எப்பிடி என்பதெல்லாம் பிறகு. சோபாவை நகர்த்தி, பூச்சாடி வைத்து, வெளிச்சம் போட்டு வீடு காட்டுவதை நாங்கள் யூடியூப்பில்தான் பார்க்கிறோம்.

எங்கள் ஆட்களுக்கு வீட்டைக் காட்டத் தெரியாது என்று இதைச் சொல்லிவிட முடியாது. இங்கே வீடு காட்டுவது வேறொரு காரியமாக இருந்திருக்கிறது. எதைக் காட்டுவது என்பதைவிட, யாருக்கு முதலில் காட்டுவது என்பதே பெரிய கேள்வி. அதற்கு 300 வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1706-1707 காலத்தில், ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள வழக்கங்களைத் தொகுத்தார். அது தமிழாக்கப்பட்டு, 12 முதலியார்மாரின் பார்வைக்குப் போய், ஒப்புதல் பெற்றது. அதுதான் தேசவழமை. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள்.

தேசவழமையின்படி ஒருவர் தன் காணியை நினைத்தவுடன் வெளியாளுக்கு விற்க முடியாது. உரித்தாளர்கள், பங்காளர்கள், காணியை ஈடு பிடித்திருக்கும் பக்கத்துக் காணிக்காரர் ஆகியோருக்கு முதலில் அறிவிக்க வேண்டும். வாங்குவதில் முதல் உரிமை அவர்களுக்கே. சொல்லாமல் விற்றால் அந்தக் காணியைத் தங்களுக்கே தரும்படி கேட்கலாம். அப்படிக் கேட்பதற்குத் தவணையும் இருந்தது. ஊரில் இருப்பவருக்கு ஒரு மாதம், தேசம் விட்டுப் போனவருக்கு ஒரு வருடம். புலம்பெயர்ந்த உறவுக்குத் தவணை கொடுக்கும் யோசனை கனடாவுக்கு முந்தியது!

ஒல்லாந்தர் இதில் ஒரு மாற்றம் செய்தார்கள். விற்கும் எண்ணத்தை, விற்பவர் சேர்ந்த தேவாலயத்தில் அடுத்தடுத்த மூன்று ஞாயிறுகளில் அறிவிக்க வேண்டும். கலியாண ஓலை வாசிப்பதுபோல காணி விற்பனையையும் வாசித்தார்கள். வீட்டில் சைவம், பதிவுக்கு வேதம் என்று வாழ்ந்தவர்களுக்கும் இதுதான் வழி. ஆக, இந்த மண்ணில் "வீடு விற்பனைக்கு" என்ற பழைய விளம்பரம் கோயில் மண்டபத்தில் வாயால் சொல்லப்பட்டது. கேட்டவர்கள் எல்லோருக்கும் அந்த வீட்டை ஏற்கெனவே தெரியும். சுவருக்கு வெள்ளையடித்து அவர்களை மயக்க முடியாது.

அப்படியென்றால் வாங்க வருபவர் எதைப் பார்த்தார்? முதலில் கிணறு. வாளியால் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தால் நல்ல தண்ணியா உவரா எண்டு தெரிஞ்சிடும். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். கிணறு பங்குக் கிணறாக இருந்தால் பங்கு எத்தனை, போய் வர வழி உண்டா என்று கேட்க வேண்டும். அடுத்தது எல்லை. கிளுவையும் பூவரசும் நட்டு அடைத்த வேலி எங்கே ஓடுகிறது, கதியால் நகர்ந்திருக்கிறதா என்பது கண்ணால் பார்க்க வேண்டிய விசயம். அதனால் விற்க நினைப்பவர் செய்த ஆயத்தமும் இவற்றைச் சுற்றியே இருந்தது: கிணறு இறைப்பது, வேலி அடைப்பது, வளவு துப்புரவாக்குவது, எல்லைக்கல்லைப் புல்லுக்குள் தேடி எடுப்பது.

கடைசியாக உறுதி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதாத காணி விற்பனை செல்லாது. பழைய உறுதியொன்றை வாசித்துப் பாருங்கள். காணிக்கு ஒரு பெயர், பரப்புக் கணக்கு, நாலு பக்கமும் உள்ள அயலவரின் பெயர்கள், பிறகு வீடு, கிணறு, பயன்தரு மரங்கள், வழிவாய்க்கால் உரிமை. அந்தக் காகிதத்தில் வீடு ஒற்றைச் சொல். அயலவர்களோ நாலு வரி.

அந்த நாலு வரிக்குள்தான் சிக்கலும் இருக்கிறது. முதல் உரிமை ஏற்பாட்டை நல்லவிதமாகவும் வாசிக்கலாம்: துண்டு துண்டாகப் பங்கு பிரிந்த காணியில், ஒரு பங்காளருக்குத் தெரியாமல் இன்னொருவர் விற்றுவிட்டுப் போகாதபடி அது காத்தது. ஆனால் இதே தேசவழமையில் கோவியர், நளவர், பள்ளர் ஆகியோரை அடிமைகளாக வைத்துப் பேசும் பகுதியும் உண்டு. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் முதல் உரிமையைப் பங்காளர், உரித்தாளர் என்று சுருக்கி, அயலவரை வெளியே விட்டது. ஆனாலும் வேலிக்கு மேலால் அயலவர் சொல்லும் "ஆக்களைப் பாத்துக் குடுங்கோ" எந்தச் சட்டத்திலும் இல்லாமலே உயிரோடு இருக்கிறது. காசு கையில் இருந்தும் சிலருக்குச் சில ஒழுங்கைகளில் வீடு காட்டப்படுவதில்லை. "வித்தாச்சு" எண்டு சொல்லிப் படலையைச் சாத்தினால் முடிந்தது.

படலைக்கு உள்ளே இன்னொருவரும் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போவது. உறுதி பெண்ணின் பெயரில். இதைப் பெருமையாகச் சொல்வோம். ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டப்படி, கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தன் அசையாச் சொத்தை விற்க முடியாது. இல்லையென்றால் நீதிமன்றம் போக வேண்டும். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அறை அறையாகக் காட்டுபவர் அவர்; விற்கலாமா என்று சொல்பவர் இன்னொருவர்.

போர் இந்த ஒழுங்கையெல்லாம் குலைத்தது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, வீட்டை விற்பது இருக்கட்டும், பூட்டிச் சாவியைக் கொடுக்கவே நேரம் இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே ஒரே இரவில் நடந்தது. வலிகாமம் வடக்கின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் வீடு இருந்தவர்கள் 20 வருடத்துக்கும் மேலாகத் தங்கள் வீட்டைத் தாங்களே பார்க்கவில்லை. தான் பார்க்க முடியாத வீட்டை எவருக்குக் காட்டுவது?

ஆளில்லாத வீட்டுக்கு இன்னொரு ஆபத்து, 10 வருட ஆட்சியுரிமை. வேறொருவர் இடையூறின்றி அவ்வளவு காலம் தன்னுடையதாக ஆண்டால் உரிமை கோரலாம். போரால் போக முடியாமல் போனவர்களைக் காக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. அது 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுத்தது.

இப்போது வீடு வட்ஸ்அப்பில் காட்டப்படுகிறது. உரிமையாளர் ஸ்காபரோவில், அற்றோணித் தத்துவம் பெற்ற மச்சான் கோண்டாவிலில், புறோக்கர் நடுவில். கிணற்றுத் தண்ணியை வீடியோவில் ருசிக்க முடியாது என்பதால் மச்சான் குடித்துக் காட்டுகிறார். காட்டுகிற முறை மாறிவிட்டது. "ஆர் ஆக்கள்?" என்ற முதல் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி வரும் வருடங்களில் இந்த வீடுகளுக்கு உரித்தாளராகக் கையெழுத்து வைக்கப்போவது எங்கள் வயதினர்தான். பங்காளருக்குச் சொல்லிவிட்டு விற்பது நல்ல வழக்கம், அதை வைத்துக்கொள்ளலாம். வீடு பார்க்க வருபவரிடம் ஊரையும் உறவையும் துருவி ஆளை அளப்பதை நாங்கள் நிறுத்தலாம். அதற்குச் சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. படலையைத் திறந்து, கிணற்றடிக்குக் கூட்டிப்போய், ஒரு வாளி தண்ணி அள்ளிக் கொடுத்தால் போதும்.