சீக்குக் கோழியின் கடைசி நேரம்... என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது?

நேற்றுவரை கொல்லையைக் கிளறிக்கிட்டிருந்த நாட்டுக்கோழி, இன்னிக்கு இறகைச் சிலிர்த்துக்கிட்டு மூலையில் ஒடுங்கி நிற்குதா? பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்துத் திருகல், கால் இழுப்பு இருந்தால் அது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயாக இருக்கலாம். வைரஸால் வருவதால் இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஆனாலும், நீங்கள் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

முதலில் பிரித்து வையுங்கள்

மற்ற கோழிகளிடமிருந்து தள்ளி, காற்றோட்டமான நிழலில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து வையுங்கள். அடியில் வைக்கோலோ, பழைய சாக்கோ போதும். தண்ணீரைத் தலைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடலாம். நல்ல கோழிகளுக்குத் தீனி போட்ட பிறகு, கடைசியாக இதைக் கவனியுங்கள்.

எப்போது விடைகொடுப்பது?

எழுந்து நிற்கவோ, தண்ணீர் விழுங்கவோ முடியாமல் துடிக்கிறதென்றால், அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்க; நடமாடும் கால்நடை ஊர்திக்கு 1962-ல் அழைக்கலாம். பிழைக்காது என்று டாக்டர் சொன்னால், வலியில்லாமல் முடித்துவைப்பது பற்றிக் கேளுங்கள். அதைக் கேட்பது பாவமில்லை.

'சாகறதுக்குள்ள குழம்பு வெச்சிடலாமா?'

வேண்டாம். அறுக்கும்போது ரத்தமும் குடலும் சிந்தி, நோய் மற்ற கோழிகளுக்குப் பரவும். ஒருவேளை பறவைக் காய்ச்சலாக இருந்தால், அறுப்பவருக்கே ஆபத்து. சந்தையில் தள்ளிவிடுவது, நோயை அடுத்தவர் வீட்டுக்கு அனுப்புவதுதான்.

இறந்த பிறகு

* வெறும் கையால் தொடாதீர்கள். கையுறையோ, கையில் சுற்றிய பிளாஸ்டிக் பையோ, கூடவே மாஸ்க்கும் அவசியம்.
* கிணறு, போர்வெல், குளத்துக்குத் தள்ளி, நாய் தோண்ட முடியாதபடி மூன்றடிக்குக் குறையாமல் குழி வெட்டுங்கள். மேலே சுண்ணாம்புத் தூள் தூவி, மண்ணை இறுக்கி மூடி, கல் வையுங்கள்.
* ஏரி, வாய்க்கால், குப்பைத்தொட்டியில் வீசாதீர்கள்.
* எச்சத்தையும் வைக்கோலையும் அதே குழியில் போடுங்கள். கூண்டை சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து, வெயிலில் காயவிடுங்கள். கையையும் செருப்பையும் மறந்துடாதீங்க.

திடீரென நாலைந்து கோழிகள் அடுத்தடுத்து செத்தால், புதைக்கும் முன்பே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். மாதிரி எடுத்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும்.

புதுக் குஞ்சுகளை உடனே விட்டுவிடாதீர்கள். சில வாரங்களாவது கூண்டு காலியாகக் கிடக்கட்டும். பிறகு வரும் குஞ்சுகளுக்கு, பொரித்த முதல் வாரத்திலேயே லசோட்டா சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் கழிச்சல் தடுப்பூசி. இந்தக் குழியை மறுபடி வெட்டாமலிருக்க அதுதான் வழி!