காம்பாக்ட் எஸ்யூவிகளின் டிரைவ்ஷாஃப்ட் ஜாயின்டுகள்

டிரைவ்ஷாஃப்ட் ஜாயின்ட் என்பது, கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் சுழற்சியை, நடுவிலுள்ள தண்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தடையின்றிக் கடத்தும் இணைப்பு. பிரெஸ்ஸா, வென்யூ, நெக்ஸான், சோனெட் போன்ற நான்கு மீட்டருக்குட்பட்ட எஸ்யூவிகள் தோற்றத்தில் ஜீப்பின் வாரிசுகள். அடியில் குனிந்து பார்த்தால் முன்சக்கர இயக்கக் கார்கள்தாம். குறுக்குவாட்டில் அமர்ந்த எஞ்சினுக்கு இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தண்டுகள் புறப்படுகின்றன. ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் ஜாயின்ட் உண்டு. ஆக மொத்தம் நான்கு.

அம்பாசிடரின் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருந்த யூஜே கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) இந்த வேலைக்கு ஆகாது. அது சாய்ந்த நிலையில் சுழலும்போது வேகம் சீராக இருப்பதில்லை. 30 பாகை சாய்வில் ஒரு பக்கம் நிமிடத்துக்கு 100 சுற்று என்றால், மறுபக்கத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 87க்கு இறங்கி 115க்கு ஏறும். வண்டியை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்ற நிலையிலுள்ள முன்சக்கரத்தில் இதைப் பூட்டினால் ஸ்டியரிங் கையிலேயே உதறும்.

ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் ரெசெப்பா 1926இல் இதற்குத் தீர்வு கண்டார். கிண்ண வடிவக் கூடு, உள்ளே ஒரு குமிழ், இரண்டிலும் வெட்டிய பள்ளங்களில் ஆறு எஃகுக் குண்டுகள். குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டு, இரு தண்டுகளுக்கும் இடையிலான கோணத்தைச் சரிபாதியாக வகுக்கும் தளத்திலேயே அவற்றை எப்போதும் நிறுத்துகிறது. இருபுற வேகமும் ஒன்றாகவே இருப்பதன் ரகசியம் அவ்வளவுதான். 1959இல் வந்த பிரிட்டனின் மினி கார் இந்த வகை ஜாயின்டைப் பெருவழக்காக்கியது. இன்றும் சக்கரத்தை ஒட்டிய வெளி ஜாயின்ட் பெரும்பாலும் இதுவே; ஏறத்தாழ 45 பாகை வரை மடங்கும். கியர்பாக்ஸை ஒட்டிய உள் ஜாயின்டில் பொதுவாக மூன்று உருளைகள் கொண்ட டிரைபாட் இருக்கும். அது அவ்வளவு மடங்காது. ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது உள்ளும் வெளியும் நழுவி, தண்டின் நீள வேறுபாட்டை ஈடுசெய்யும்.

இத்தனை நுணுக்கமாகச் செய்த எஃகு தானாகத் தேய்ந்து போவது அரிது. முதலில் போவது அதை மூடியிருக்கும் ரப்பர் பூட். ஆர்மோனியத் துருத்திபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும் இந்த உறை, நியோப்ரீன் ரப்பரிலோ தெர்மோபிளாஸ்டிக்கிலோ ஆனது. வெயில், கல், முள், எலி எல்லாமே அதற்குப் பகை. 215/60 அளவுள்ள 16 அங்குல டயர் பூட்டிய வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது தண்டு நிமிடத்துக்குச் சுமார் 800 முறை சுற்றும். மடிப்பில் விரிசல் விழுந்தால் கிரீஸ் அந்த வேகத்திலேயே வெளியே வீசப்படும். அதன் இடத்தில் மணலும் மழைநீரும் புகும். சக்கரத்தின் உட்புற ரிம்மில் கருங்கிரீஸ் தெறித்திருந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

சத்தம் வருவது அதற்கும் பிறகுதான். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது ‘டக் டக்’ என்று கேட்டால் வெளி ஜாயின்டைச் சந்தேகிக்கலாம். நேர்ச்சாலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வண்டி அதிர்ந்து, காலை எடுத்தால் அடங்குவது உள் ஜாயின்டின் குணம். வேகத்தோடு கூடும் ‘உம்ம்’ என்ற இரைச்சல் பெரும்பாலும் வீல் பேரிங்கிலிருந்தோ டயரிலிருந்தோ வருவது. அதற்காக ஆக்ஸிலை (தண்டும் ஜாயின்டுகளும் சேர்ந்த தொகுப்பை) மாற்றிச் செலவு செய்துவிட்டு, இரைச்சலோடே வீடு திரும்புபவர்கள் உண்டு.

பராமரிப்பின் பெரும்பகுதி பார்வைதான். சர்வீஸில் வண்டியை லிஃப்டில் ஏற்றும்போது, சக்கரத்தை இருபுறமும் திருப்பி மடிப்புகளை விரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பூட் கிழிந்திருந்து சத்தம் இன்னும் வராவிட்டால் ஜாயின்டைக் காப்பாற்றிவிடலாம்: பழைய கிரீஸை முழுவதும் துடைத்துக் கழுவி, குண்டுகளிலும் பள்ளங்களிலும் குழி விழவில்லை என்று உறுதிசெய்து, புதிய பூட், கிளாம்ப், சர்க்ளிப் போட வேண்டும். கிரீஸிலும் சிக்கனம் கூடாது. குண்டு ஜாயின்டுக்கு வழக்கமாக மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ். வகையும் அளவும் கையேட்டின்படி. கடையில் கிடைக்கும் சாதாரண கிரீஸை அள்ளி அப்புவது வேலையை இரண்டாம் முறை செய்வதற்கான ஏற்பாடு. சத்தம் வந்துவிட்டால் கிரீஸ் எதையும் மீட்காது. ஜாயின்டையோ முழு ஆக்ஸிலையோ மாற்றுவதே வழி.

நான்கு சக்கர இயக்கம் வந்தால் எண்ணிக்கை கூடும். சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டரின் ஆல்வீல் டிரைவ் பதிப்பு 2014இல் வந்தது. பின்சக்கரங்களுக்கும் தனித்தனித் தண்டு என்பதால், புரொப்பெல்லர் ஷாஃப்டைச் சேர்க்காமலே அதில் எட்டு ஜாயின்டுகள். தோற்றத்துக்காக ஸ்பேசர் வைத்து வண்டியை உயர்த்துவோர் கவனிக்க வேண்டியது ஒன்று: உயர்த்திய ஒவ்வொரு அங்குலமும் தண்டின் சாய்வைக் கூட்டுகிறது, நேராக ஓடும்போதே ஜாயின்ட் மடங்கிய நிலையில் உழைக்க வேண்டியிருக்கும்.

கழற்றி மாட்டுவதிலும் சில கட்டாயங்கள் உண்டு. தண்டை உருவும்போது பல வண்டிகளில் கியர் ஆயில் வழியும். வேலை முடிந்ததும் அளவு பார்த்து நிரப்ப வேண்டும். ஆயில் சீலில் கீறல் விழுந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. ஹப் நட்டைக் கையேடு சொல்லும் முறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும். நட்டைச் சரியாக இறுக்குவதற்கு முன் வண்டியைத் தரையிறக்கி நகர்த்தினால் வீல் பேரிங் கெடக்கூடும்.